குனிகிற மாப்பிள்ளைக்கு எந்தத் தலைப்பாகை?

ஆவணி பிறக்கப்போகிறது என்றால் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்வியோடுதான் வரும். "அண்ணே, பையனுக்குத் தலைப்பாகை வைக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம வேட்டியிலேயே கட்டிடலாமா, சௌகார்பேட்டையிலேர்ந்து ஆள் வரவழைக்கலாமா, இல்ல ரெடிமேடா ஒண்ணு வாங்கி மாட்டிடலாமா?" கேட்பவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் அப்பாவோ தாய்மாமனோ. வீட்டுப் பெரியவர் வேட்டியில் கட்டும் உருமாதான் முறை என்றிருப்பார். மாப்பிள்ளை போனில் ஒரு ஜோத்பூர் தலைப்பாகைப் படத்தைக் காட்டியிருப்பான். மண்டபத்துக்காரர் "வாடகைக்கு நம்மகிட்டயே இருக்கு சார்" என்றிருப்பார். நடுவில் மாட்டிக்கொண்டவர் எனக்குப் போன் போடுகிறார். இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்றால், சென்னையில் உட்கார்ந்து 'தலப்பாக்கட்டி' என்று தேடினால் பிரியாணிக் கடைகள்தான் வரிசை கட்டி வருகின்றன.

நான் இதைத் தொழிலாகச் செய்கிறவன் அல்ல. பெரம்பூரில் எங்கள் பெரியப்பா சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் தலைப்பா கட்டிவிடுவார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. இத்தனை வருஷத்தில் நன்றாக நின்றதும் உண்டு, நடு மேடையில் அவிழ்ந்ததும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

## படத்தில் நிற்கிறான், மணவறையில் குனிகிறான்

தலைப்பாகை எடுக்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் பளபளப்பை. கடைப் படங்களில் மாப்பிள்ளை மார்பை நிமிர்த்தி நிற்கிறான். நம் கல்யாணத்தில் மாப்பிள்ளை எங்கே நிற்கிறான்? மணையில் உட்காருகிறான், எழுகிறான், குனிகிறான், விழுந்து கும்பிடுகிறான். ஆகவே நான் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான்.

மாலை தாண்டுமா? கல்யாண மாலை கனம், கழுத்து வாய் குறுகல். அது தலைப்பாகைக்கு மேலே ஏறி இறங்க வேண்டும். மூன்று தடவை மாற்றினால் மூன்று தடவை. உச்சியில் இறகுக் குஞ்சமோ முத்துச் சரமோ இருந்தால் மாலை நாரில் சிக்கிக்கொள்ளும். பெண் கையைத் தூக்கியபடி நிற்க, தோழி ஓடிவந்து பிரித்துவிட வேண்டியிருக்கும்.

அம்மி மிதிக்கும்போது நிற்குமா? பெண்ணின் பாதத்தைத் தூக்கி அம்மியில் வைக்க மாப்பிள்ளை நன்றாகக் குனிய வேண்டும். தலை கிட்டத்தட்ட முழங்கால் மட்டத்துக்கு வந்துவிடும். தளர்ந்த தலைப்பாகை எதுவும் அந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

நமஸ்காரம் தாங்குமா? ஒரு பெரியவர் என்றால் சரி. பாட்டி, சின்னப் பாட்டி, பெரிய மாமா, ஊரிலிருந்து வந்த வாத்தியார் என்று ஒரு காலையில் இருபது முப்பது தடவை தலை தரையைத் தொட்டு எழும்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் மற்றவை. தலையில் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறது, கட்டுவது யார், எத்தனை மணிக்கு, மொத்தம் எத்தனை தலை, கல்யாணம் முடிந்தபின் அந்தத் துணி என்னவாகும். விலையை நான் எழுதவில்லை. வைகாசியில் சொல்கிற விலைக்கும் ஆடியில் சொல்கிற விலைக்கும் சம்பந்தமே இருக்காது. எதற்கெல்லாம் பணம் போகும் என்று மட்டும் சொல்கிறேன்.

சென்னைக்கென்று தனியாக ஒன்று சேர்க்க வேண்டும், வேர்வை. குளிர்ந்த ஊரில் தலைப்பாகை கதகதப்பு. இங்கே ஏசி மண்டபத்தில்கூட ஹோமப் புகைக்கும் வீடியோ விளக்குக்கும் நடுவில் உட்கார்ந்தவனுக்குக் காதோரம் தண்ணீராக வழியும். தலையில் இருப்பது பருத்தியா பாலியெஸ்டரா என்பது அரை மணியில் முகத்திலேயே தெரிந்துவிடும்.

## சொந்த வேட்டியில் கட்டும் உருமா

என் ஓட்டு இதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக இதன் தொல்லைகளை மறைக்கப்போவதில்லை.

துணிக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். முழம் என்பது ஒன்றரை அடி. எட்டு முழ வேட்டி என்றால் 12 அடி, ஏறக்குறைய 3.6 மீட்டர். ஆளின் தலைச் சுற்றளவு 22, 23 அங்குலம். பின்னால் தொங்குவதற்கு ஒரு முழம் விட்டுவிட்டால் மீதியில் நாலரை, ஐந்து சுற்று வரும். தலைப்பாகைக்குத் தேவையான பருமன் அதில் கிடைத்துவிடும். பலர் அங்கவஸ்திரத்தை எடுத்து வந்து இதில் கட்டுங்கள் என்பார்கள். நாலு முழத்தில் மூன்று சுற்றுக்கு மேல் வராது, உச்சியும் திறந்திருக்கும். அது முண்டாசு. களத்து மேட்டில் அழகு, மணவறையில் அரைகுறை.

கட்டுவது இப்படி. வேட்டியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மூன்று தடவை இரண்டிரண்டாக மடித்தால் ஆறு அங்குலப் பட்டை கிடைக்கும். ஜரிகைக் கரை வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும். இதைக் கட்டிலில் போட்டுச் செய்யாதீர்கள், சுருக்கம் விழும். ஒரு முழம் விட்டு, அந்த இடத்தை மாப்பிள்ளையின் இடது காதுக்குப் பின்னால் வைத்து, அவரையே விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். முதல் சுற்றுக்கு மட்டும் மடிப்பைக் கொஞ்சம் பிரித்து உச்சியை மூடிவிடுவேன். அப்புறம் துணி நெற்றியில் சாய்வாக ஏறி, வலது காதுக்கு மேலே போய், பின்மண்டையில் இறங்கும். அடுத்த சுற்று எதிர்ச் சாய்வில் வரும். நெற்றி நடுவில் இரண்டும் குறுக்கிடும் இடம் அம்பு முனை மாதிரி நிற்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட ஒரு விரல் மேலே. கடைசி முனையைப் பின்பக்கம் அடிச் சுற்றுகளுக்குள் கட்டை விரலால் அழுத்திச் செருக வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அவிழ்கிறதே என்பவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் பிடரிக்குச் சற்று மேலே கையை வைத்துப் பாருங்கள், எலும்பு மேடாக ஒன்று தட்டுப்படும். துணி அந்த மேட்டுக்குக் கீழே போய் வர வேண்டும். மேட்டின் மேலேயே சுற்றினால், எவ்வளவு இறுக்கினாலும் குனிந்தவுடன் முன்பக்கம் நழுவும். பெரியப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமே இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் பார்த்துப் பழகிக்கொண்டது. இறுக்கத்துக்கு அவர் கணக்கு, நெற்றிக்கும் துணிக்கும் நடுவே சுண்டுவிரல் கஷ்டப்பட்டு நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் அவிழும், நுழையவே இல்லை என்றால் ஒரு மணி நேரத்தில் தலைவலி.

பட்டு வேட்டி என்றால் ஒரு எச்சரிக்கை. பட்டு பட்டின்மேல் வழுக்கும். அடியில் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை ஒரு சுற்று சுற்றிவிட்டு அதன்மேல் பட்டைக் கட்டினால் பிடிமானம் கிடைக்கும். நலங்கு எண்ணெயைத் தலையோடு விட்டுவைத்திருந்தால் அதுவும் வழுக்கும், நல்ல பட்டிலும் கறை ஏறும். நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள்.

மூன்று சோதனையில் இதன் மதிப்பெண் என்ன? மாலைக்குத் தடையே இல்லை, உச்சியில் துருத்துவது ஏதுமில்லை. அம்மிக்கும் நமஸ்காரத்துக்கும், மேட்டுக்குக் கீழே போயிருந்தால், அசையாது. பருத்தி என்றால் வேர்வையை உறிஞ்சும். மறுநாள் துவைத்தால் தலைப்பாகை மறுபடி வேட்டி. தாய்மாமன் கையால் கட்ட வேண்டும் என்கிற முறை உள்ள குடும்பங்களில் மாமனுக்கு அந்தப் பெருமையும் கிடைக்கும். நெற்றியில் பட்டம் கட்டும் வழக்கம் இருந்தால் வரிசையை முந்தின நாளே பேசிவையுங்கள். முதலில் தலைப்பாகை, அதன்மேல் பட்டத்தின் கயிறு. கயிறு துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

தொல்லைகளில் முதலாவது ஆள். கட்டத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர்கூட இப்போது இல்லை. வீடியோ பார்த்து அன்று காலையிலேயே முயன்றால் வியர்த்து, வேட்டி கசங்கி, வீட்டில் சண்டை வரும். குறைந்தது ஐந்தாறு தடவை கட்டிப் பழகாமல் வராது.

இன்னொன்று யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நம் பக்கத்தில் பல குடும்பங்களில் பதினாறாம் நாள் காரியத்தில் பிள்ளைகளுக்குச் சம்பந்தி வீட்டார் தலைக்கட்டு கட்டுவார்கள். புது வெள்ளைத் துணி, கரையே இல்லாமல். அதனால் மாப்பிள்ளை தலையில் வெறும் வெள்ளையைப் பார்த்தால் வீட்டுப் பாட்டிக்கு மனசு சங்கடப்படும். எங்கள் வீட்டில் ஒரு தடவை அப்படி ஆகி, வாசலிலேயே அவிழ்த்து மாம்பழக் கலர் பட்டில் மறுபடி கட்டினேன். அரைக்கீற்று ஜரிகையாவது பளிச்சென்று தெரியட்டும்.

பார்வைக்கு எடுப்பாக இருக்குமா என்று மாப்பிள்ளைகள் கேட்பார்கள். 1930-இல் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கும்போது சர் சி.வி. ராமன் தலையில் தலைப்பாகைதான் இருந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவர் மாளிகை வரை வெள்ளைத் தலைப்பாகையோடுதான் போனார். இரண்டு பேருமே நம் மாநிலக் கல்லூரியோடு சம்பந்தப்பட்டவர்கள், ஒருவர் படித்தவர், ஒருவர் பாடம் நடத்தியவர். இதைச் சொன்னால் மாப்பிள்ளைகள் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு மறுபடி ஜோத்பூர் படத்தைக் காட்டுவார்கள். சரி, அதற்கு வருவோம்.

## ஆள் வைத்துக் கட்டும் சாபா

ராஜஸ்தான் பக்கத்து சாபா ஏறக்குறைய 9 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். நம் எட்டு முழத்தைப் போல இரண்டரை மடங்கு. அதனால்தான் அந்த அடுக்கும் உயரமும் வருகின்றன. மெல்லிய பருத்தியில் அலை அலையாகச் சாயம் ஏற்றியது லஹரியா. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும், அது பந்தேஜ். சௌகார்பேட்டை மின்ட் தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் ஒரு சாயங்காலம் நடந்து பார்த்தால் நிறம் எதுவென்று முடிவாகிவிடும். மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம், கல்யாணச் சாமான் அத்தனையும் கிடைக்கும்.

கட்டுகிறவர் கை பார்க்கவே ஒரு வேடிக்கை. துணியின் ஒரு முனையை எதிரே ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, தூரத்தில் நின்று கொசுவி, முறுக்கிக்கொண்டே நெருங்கி வருவார். நாலைந்து நிமிஷத்தில் ஒரு தலை முடிந்துவிடும். பின்னால் இடுப்பு வரை தொங்கும் வால், நெற்றியில் விசிறி மாதிரி அடுக்கு. வரவேற்பு மேடையில் ஷெர்வானிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. நான் கட்டினால் இந்த அழகு வராது, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று சோதனையில்? நல்ல கை கட்டியது குனிந்தாலும் விழாது. ஆனால் பருமன் அதிகம், மாலை இடறும். நமஸ்காரத்தில் நெற்றி தரையைத் தொடாது, அடுக்குத்தான் தொடும், நசுங்கும். வால் இன்னொரு கவலை. ஹோம குண்டத்தின் முன் உட்காரும்போது தொங்கும் வாலை முன்பக்கம் விடவே கூடாது. பாலியெஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகி ஒட்டும். முகூர்த்தத்துக்கே சாபாதான் வேண்டும் என்றால் வாலை இடுப்பில் செருகிவிடுங்கள், துணி பருத்தியாக இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு நேரத்தில் இருக்கிறது. முகூர்த்தம் நாலரை ஆறு என்றால் மூன்றரைக்கே கட்ட உட்கார வேண்டும். சௌகார்பேட்டையிலிருந்து தாம்பரத்துக்கு அந்த நேரத்தில் ஒருவர் வரவேண்டும் என்றால் வண்டிச் செலவு, முந்தின இரவு தங்க இடம், சாப்பாடு எல்லாம் உங்களுடையது. மாப்பிள்ளைத் தோழர்கள், மாமன்மார், சித்தப்பாக்கள் எல்லாருக்கும் கட்டலாம் என்று ஆசைப்பட்டால் முப்பது தலை, தலைக்கு ஐந்து நிமிஷம், இரண்டரை மணி நேரம். முதலில் கட்டியவர் கடைசி ஆள் முடிவதற்குள் டிபன் சாப்பிடப் போய்த் தலையைச் சொறிந்து கலைத்திருப்பார். தலைக்கு ஒரு துணி வேறு வாங்க வேண்டும், இல்லை வாடகை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அவர்கள் பக்கத்தில் ஆஷாட ஏகாதசியை ஒட்டித் தொடங்கும் சாதுர்மாசத்தில், ஏறக்குறைய தீபாவளி தாண்டும் வரை, கல்யாணம் வைப்பதில்லை. நம் ஆவணி முகூர்த்தங்கள் சரியாக அதற்குள் வருகின்றன. அதனால் ஆவணியில் கட்டுகிறவர் கிடைப்பது சுலபம். வைகாசியில் அவர்களுக்கும் முகூர்த்தம் நமக்கும் முகூர்த்தம், அப்போது முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை என்றால் கஷ்டம். இன்னொரு விஷயம், ராஜஸ்தானில் துக்கத்துக்குப் போகும்போது வெள்ளைத் தலைப்பாகை கட்டுவது வழக்கம். உங்கள் விருந்தினரில் அந்தப் பக்கத்து நண்பர்கள் இருந்தால் வெள்ளை சாபாவைத் தவிர்த்துவிடுங்கள்.

முடிந்தபின் ஒன்பது மீட்டர் துணி வீட்டில் கிடக்கும். மெல்லிய பருத்தியாக இருந்தால் வெட்டித் துப்பட்டா ஆக்கலாம். எங்கள் மருமகள் ஒருத்தி இரண்டு துப்பட்டாவும் ஒரு ஜன்னல் திரையும் தேற்றினாள்.

## தைத்த ரெடிமேட், வாடகைத் தலைப்பாகை

உள்ளே அட்டை அல்லது ஸ்பாஞ்ச், மேலே துணி சுற்றித் தைத்திருக்கும். தொப்பி மாதிரி மாட்டலாம், கழற்றலாம். பாராட்டு விழாக்களில் சால்வையோடு தலையில் வைக்கும் மைசூர் பேட்டாவும் இந்த வகையில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஐந்து நொடி வேலை, ஆளே வேண்டாம்.

இதைக் குறை சொல்லியே எழுதிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். வயதான சம்பந்திக்கு, கழுத்துவலிக்காரருக்கு, அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியவருக்கு இதுதான் சரி. ஒரே மாதிரி இருபது தலை வேண்டும் என்றாலும் இதுதான். பிரச்சினை மாப்பிள்ளைக்கு வாங்கும்போது வருகிறது, அதுவும் அளவில்.

சொந்த அனுபவம் ஒன்று. சித்தப்பா பையன் கல்யாணத்தில் வாடகைக்கு ஒன்று எடுத்தார்கள். பையன் தலை 22 அங்குலம், வந்தது 23. "ஒரு அங்குலம்தானே, உள்ளே டிஷ்யூ பேப்பர் வச்சுக்கலாம்" என்றார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன். ஊர்வலத்தில் நன்றாக இருந்தது, தாலி கட்டும்போதும் நின்றது. அம்மிக்குக் குனிந்தான். தலைப்பாகை மட்டும் கழன்று உருண்டு நேராக ஹோம குண்டத்துப் பக்கம் போனது. வாத்தியார் மந்திரத்தை நிறுத்தாமல் இடது கையால் தடுத்து மாப்பிள்ளை மடியில் போட்டார். டிஷ்யூ பேப்பர் மட்டும் நெருப்பில் விழுந்து ஒரு நொடி எரிந்தது. பின்வரிசையில் ஒரு தாத்தா சத்தமாகவே சொன்னார்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!" வீடியோவில் அந்தக் குரல் இன்றும் தெளிவாகக் கேட்கும்.

ஆகவே அளவு நாடாவை எடுத்து, புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலே, பின்மண்டை மேட்டைச் சுற்றி அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முடி வெட்டுவதற்கு முன் அளந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒட்ட வெட்டிக்கொள்வதும் நடக்கிறது. அரை அங்குலம் அதிலேயே போய்விடும்.

மறைந்திருக்கும் விஷயங்கள் வேறு உண்டு. உள்ளே அட்டை இருப்பதால் துவைக்க முடியாது. வாடகை என்றால் உங்களுக்கு முன் எத்தனை பேர் வேர்வை அதற்குள் போயிருக்கிறது என்று மூக்கே சொல்லும். உள்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம், அடியில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தில் கல் உதிர்ந்தது, குஞ்சம் வளைந்தது என்று பிடிப்பார்கள். எடுக்கும்போதே நாலு பக்கமும் போனில் படம் எடுத்துவைத்தால் வாக்குவாதம் இருக்காது. சொந்தமாக வாங்கினாலோ, அது பரணில் ஏறி உட்காரும். அதற்கப்புறம் கரப்பான் பூச்சிக்குத்தான் வாழ்வு.

## மூன்றையும் கலந்த ஒரு வழி

இது யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்வது. முந்தின நாள் சாயங்காலம், அவசரமே இல்லாத நேரத்தில், மாப்பிள்ளை தலையிலேயே வேட்டியையோ சாபாவையோ நன்றாகக் கட்டுங்கள். பிடித்த மாதிரி வந்ததும், அதே நிற நூலால் பின்பக்கமும் காதோரமும் ஏழெட்டு இடத்தில் தைத்துவிடுங்கள். நெற்றிப் பக்கம் வேண்டாம், தையல் தெரியும். அப்புறம் இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினால் அப்படியே தொப்பியாக வந்துவிடும். சோறு வடிக்கும் பாத்திரத்தில் தலை அளவுக்கு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துவிட்டால் விடியும் வரை வடிவம் கெடாது.

அளவு அவன் தலைக்கே எடுத்தது, எனவே உருளாது. காலையில் மூன்றரை மணிக்கு ஆள் தேட வேண்டாம். முகம் கழுவக் கழற்றலாம். கல்யாணம் முடிந்தால் நூலை வெட்டிப் பிரித்துத் துவைத்துக்கொள்ளலாம். குறை ஒன்றுதான், அன்று காலை தாய்மாமன் கட்டும் சடங்கு உள்ள வீட்டில் இது செல்லாது. அப்படிப்பட்ட இடத்தில் மாமன் மாட்டிவிட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றுவதாக ஒப்பேற்றியதும் உண்டு. மாமன் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | வேட்டி உருமா | சாபா | ரெடிமேட் | முந்தின நாள் கட்டித் தைத்தது |
|---|---|---|---|---|
| மாலை தாண்டுவது | சுலபம் | இடறும் | குஞ்சத்தைப் பொறுத்தது | எதில் கட்டினோமோ அப்படி |
| குனிந்தால் | நிற்கும், கட்டுகிற கையைப் பொறுத்தது | நிற்கும் | அளவு சரியாக இருந்தால் மட்டும் | நிற்கும் |
| வேர்வை | பருத்தி என்றால் தாங்கலாம் | துணி அதிகம், சூடு | மோசம் | கழற்றி மாட்டலாம் |
| ஒரு தலைக்கு நேரம் | 10 முதல் 15 நிமிஷம் | 5 நிமிஷம், தேர்ந்த கையில் | சில நொடி | முந்தின நாள் அரை மணி |
| வெளி ஆள் | வீட்டில் தெரிந்தால் வேண்டாம் | கட்டாயம் | வேண்டாம் | வீட்டில் தெரிந்தால் வேண்டாம் |
| அப்புறம் துணி | வேட்டிதான் | துப்பட்டா, திரை | பரண் | பிரித்தால் பழையபடி |

## யாருக்கு எது

முகூர்த்தம் விடியற்காலை, சடங்கு நீளம், நமஸ்காரம் அதிகம், வீட்டில் கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் வேட்டி உருமா. யோசிக்கவே வேண்டாம்.

வரவேற்புக்கு மட்டும், நின்றபடி கை குலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு என்றால் சாபா. அங்கே குனிகிற வேலை குறைவு, மாலை ஏற்கெனவே கழுத்தில். பணம் செலவழிக்க இதுதான் இடம். மாப்பிள்ளைக்கும் இரண்டு அப்பாக்களுக்கும் கட்டினால் போதும், தோழர்களுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அவர்கள் எப்படியும் பந்திக்கு முன்னால் கழற்றி நாற்காலியில் வைத்துவிடுவார்கள்.

முடி கொட்டிய மாப்பிள்ளைக்கு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அவரே கேட்காமல் இருப்பார், அடியில் பருத்தித் துண்டு கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் கட்டித் தைக்கும் வழி. மூக்குக் கண்ணாடிக்காரருக்குக் கண்ணாடியைப் போட்டபடியே கட்ட வேண்டும். பின்னால் மாட்டினால் காம்பு துணிக்குள் போகாது, போனால் காதை அறுக்கும்.

குழந்தைகளுக்கு ரெடிமேட் போதும். டிசம்பர் 11 பாரதியார் பிறந்த நாள், ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்த நாள், இரண்டுக்கும் பள்ளிக்கூடத்தில் தலைப்பாகை கேட்பார்கள். கடைசி நிமிஷத்தில் ஒன்றையே இரண்டுக்கும் ஓட்டப் பார்க்காதீர்கள், பாரதிக்கு வெள்ளை, விவேகானந்தருக்குக் காவி. சந்தேகம் என்றால் பிள்ளையைத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப்போங்கள். பாரதியார் இல்லமும் அங்கேதான். கடற்கரைப் பக்கம் நடந்தால் 1897-இல் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸும் வந்துவிடும்.

இரண்டு வகையை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவே இல்லை. ஒன்று பரிவட்டம். கோயிலில் சாமிக்குச் சாத்திய துணியை மரியாதையாகத் தலையில் கட்டுவது அது, அலங்காரத்துக்கு நாமே கட்டிக்கொள்வது அல்ல. மற்றது சீக்கியரின் தஸ்தார். "பாட்டியாலா மாதிரி கட்டணும்" என்று போன வருஷம் ஒரு பையன் கேட்டான். அவர்களுக்கு அது வெட்டாத கேசத்தோடு சேர்ந்த மத அடையாளம், வேஷத்துக்கானது அல்ல என்று சொல்லி மாற்றிவிட்டேன். தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவுக்கு விருந்தினராகப் போனாலும் தலையை ஒரு துணியால் மூடினால் போதும்.

## கட்டும் அன்றைக்கு

முந்தின வாரத்தில் ஒரு நாள் கட்டிப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி முன் நிற்க வைத்துப் பார்த்தால் போதாது. வரவேற்பறையில் ஒரு செங்கல்லை அம்மியாக வைத்து, தங்கையை நிறுத்தி, பாதத்தைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பாட்டி காலில் மூன்று தடவை விழச் சொல்லுங்கள். பாட்டிக்கும் சந்தோஷம். வீட்டில் கிடக்கும் பழைய மாலையையோ கொடிக் கயிற்றையோ வளையமாக்கித் தலைக்கு மேல் போட்டு எடுங்கள். கார் கதவில் ஏறி இறங்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஊர்வலக் காரில் ஏறும்போதே நசுங்கிப்போன தலைப்பாகைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மண்டபத்துக்கு எடுத்துப்போகும் பையில் பத்து ஊக்கு, அதே நிற நூல் கோத்த ஊசி, மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று, கைக்கண்ணாடி. ஊக்கைத் துணிக்கும் துணிக்கும்தான் குத்த வேண்டும், உள்ளே தலை இருக்கிறது என்பது அவசரத்தில் மறந்துபோகும். அவிழ்க்கும்போது ஊக்குகளை எண்ணி எடுங்கள். குத்தியது ஆறு என்றால் கையில் வந்ததும் ஆறாக இருக்க வேண்டும். அட்சதை அரிசி மடிப்புக்குள் நிறைய இருக்கும். கல்யாண அறைக் கட்டிலில் வைத்து உதறாமல் பால்கனிக்கு எடுத்துப்போங்கள், இல்லையென்றால் காலையில் எறும்பு வரிசை கட்டிவிடும்.